கண்ணாடிக் குண்டு சொல்லும் கணக்கு



டிசம்பர் மாதம் பிறந்தால் டவுன் கடைகளில் பச்சை மரமும், அதில் சிவப்பு, தங்க நிறத்தில் பளபளக்கும் குண்டுகளும் தொங்குவதைப் பார்த்திருப்போம். கிறிஸ்தவ சகோதரிகள் வீட்டில் குடிலுக்குப் பக்கத்திலும் பார்த்திருப்போம். "அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்தக் குண்டை முதலில் செய்தது யார், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்திருக்க மாட்டோம்.

இன்னொரு விஷயம். மேல்நாடுகளில் இந்த மர அலங்காரப் பொருட்களைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஆட்கள் உண்டு. தபால்தலை சேர்க்கிற மாதிரி இதையும் சேர்க்கிறார்கள். ஒரு காலத்தில் அஞ்சு காசு, பத்து காசுக்கு விற்ற கண்ணாடிக் குண்டை இன்று பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது எப்படி? கண்ணாடி அதே கண்ணாடிதான். கூடிய விலை எங்கிருந்து வந்தது, யார் கைக்குப் போனது? கையால் பொருள் செய்து விற்கும் எந்தக் குழுவுக்கும் இது படிக்க வேண்டிய பாடம். அதனால்தான் இந்த மாதம் இதை எடுத்துக்கொண்டோம்.

ஆப்பிளில் தொடங்கியது

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் இருந்து வந்த வழக்கம். அங்கே டிசம்பர் 24 என்பது ஆதாம், ஏவாள் நினைவு நாளாகவும் இருந்தது. அந்த நாளில் நாடகம் போடுவார்கள். ஏதேன் தோட்டத்து மரத்தைக் காட்ட வேண்டுமே! கடுங்குளிரில் மற்ற மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்கும். பச்சையாக நிற்பது ஊசியிலை மரம் மட்டும்தான். அதை வெட்டி வந்து ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

பிறகு மரம் வீட்டுக்குள் வந்தது. 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் எழுதிய ஒரு குறிப்பில், வீட்டு மரங்களில் வண்ணக் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், தங்கத் தகடு, இனிப்பு ஆகியவற்றைத் தொங்கவிட்டதாக இருக்கிறது. எல்லாம் வீட்டில் கிடைத்த பொருள்தான். பண்டிகை முடிந்ததும் பிள்ளைகள் பறித்துத் தின்றுவிடலாம். இன்றைக்கு நாம் பார்க்கும் சிவப்புக் குண்டு அந்த ஆப்பிளின் நினைவுதான்.

லவுஷா என்ற கண்ணாடி ஊர்

ஜெர்மனியில் துரிங்கியா என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே லவுஷா என்று ஒரு சின்ன ஊர். 1597-ல் அங்கே கண்ணாடி உலை போட்டார்கள். மண்ணும் விறகும் தாராளமாகக் கிடைத்த இடம் அது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் ஜனங்களுக்குக் கண்ணாடி ஊதுவதுதான் பிழைப்பு. மணி, பொம்மைக் கண், மருந்துக்குப்பி என்று பலதும் செய்தார்கள்.

அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். மரத்தில் தொங்கவிட ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் வாங்க வசதியில்லாத ஒரு தொழிலாளி, தன் கையில் இருந்த கண்ணாடியாலேயே பழமும் கொட்டையும் ஊதித் தொங்கவிட்டாராம். இது கதை. எழுத்தில் இருப்பது என்னவென்றால், 1848-ல் லவுஷா தொழிலாளி ஒருவரின் ஆர்டர் நோட்டில் கிறிஸ்துமஸ் குண்டு ஆறு டஜன் என்று பதிவாகி இருக்கிறது. கணக்கு எழுதி வைத்ததால்தான் இத்தனை வருடம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. குழுவில் நோட்டு எழுதச் சொல்லி நாங்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்று இப்போது புரிகிறதா?

1867-ல் அந்த ஊருக்கு கேஸ் வசதி வந்தது. தீயைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்ததால் மெல்லிய, பெரிய குண்டுகளை ஊத முடிந்தது. 

வீடே பட்டறை

வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள்.

முதலில் கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி இளக்க வேண்டும். இளகியதும் வாயால் ஊதி உருண்டையாக்க வேண்டும். அல்லது அச்சுக்குள் வைத்து ஊதினால் பறவை, பழம், வீடு என்று உருவம் வரும். இது பெரும்பாலும் ஆண் செய்த வேலை.

அடுத்தது வெள்ளிப் பூச்சு. சில்வர் நைட்ரேட் கரைசலோடு சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துக் குண்டுக்குள் ஊற்றுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்துக் குலுக்குவார்கள். உள்பக்கம் முழுக்க வெள்ளி படிந்து கண்ணாடி முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். பூச்சு வெளியில் இல்லை, உள்ளே இருக்கிறது. அதனால்தான் அத்தனை பளபளப்பு. இது பெரும்பாலும் மனைவியின் வேலை.

பிறகு ஆணி அடித்த பலகையில் தலைகீழாகக் குத்தி வைத்து உலர்த்துவது, சாயத்தில் முக்குவது, பூ, கோடு வரைவது, காம்பை அறுத்துத் தகர மூடி போடுவது, பெட்டியில் அடுக்குவது. இதில் பிள்ளைகளும் வயதானவர்களும் இறங்கிவிடுவார்கள். அடுப்பு எரியும் அறையிலேயே சாய வாடையும் இருக்கும்.

செய்து முடித்தால் போதுமா? சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். மொத்த வியாபாரிகள் எல்லாரும் சோனபெர்க் என்ற ஊரில் இருந்தார்கள். லவுஷாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 1886-ல் ரயில் வருவதற்கு முன்னால், பெண்கள்தான் பெரிய கூடையில் கண்ணாடியை அடுக்கி முதுகில் சுமந்து மலைப்பாதையில் நடந்து போனார்கள். கனம் குறைவு, ஆனால் வழுக்கி விழுந்தால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. அங்கே போய்ச் சேர்ந்தால் விலையைச் சொல்வது வியாபாரி. சரக்கைத் திருப்பிச் சுமந்து வர முடியுமா? சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அமெரிக்கக் கடைக்காரர்

1848-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் வந்தது. 1850-ல் அதே படத்தைச் சிறிது மாற்றி அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அரண்மனையில் வைத்தால் அடுத்த வீட்டுக்காரரும் வைக்க ஆசைப்படுவார் அல்லவா? மரம் பரவியது. அலங்காரப் பொருளுக்கும் தேவை கூடியது.

வுல்வொர்த் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அமெரிக்காவில் எல்லாப் பொருளையும் 5 சென்ட், 10 சென்ட் விலைக்கு விற்கும் கடைகளைத் தொடங்கியவர். சென்ட் என்பது அவர்கள் ஊர் காசு. 1880 வாக்கில், பென்சில்வேனியா மாநிலத்தில் கடை வைத்திருந்த அவருக்கு ஒரு இறக்குமதி வியாபாரி கண்ணாடி அலங்காரங்களைக் காட்டினார். "உடைஞ்சு போற பொருளை யார் வாங்குவா?" என்று வுல்வொர்த் தயங்கினார். மிகவும் வற்புறுத்திய பிறகு 25 டாலருக்கு மட்டும் எடுத்தார். இரண்டே நாளில் எல்லாம் விற்றுவிட்டது. அடுத்த வருடம் அதிகமாக வாங்கினார். 1890-ல் அவரே ஜெர்மனிக்குப் போய்ச் சரக்கு பார்த்தார்.

1913-ல் நியூயார்க்கில் அவர் கட்டிய கட்டடம் அப்போது உலகத்திலேயே உயரமானது. அந்தப் பணம் முழுவதும் கண்ணாடிக் குண்டில் வந்தது என்று சொல்லவில்லை, அவர் எத்தனையோ பொருள் விற்றார். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஊதியவர், வெள்ளி பூசியவர், சுமந்தவர், சோனபெர்க் வியாபாரி, கப்பல்காரர், இறக்குமதிக்காரர், கடைக்காரர். கடையில் விலை 5 சென்ட், 10 சென்ட். வாங்குபவர் கொடுத்த அந்தக் காசு இத்தனை கைக்கும் பிரிந்து, கடைசியில் லவுஷா வீட்டுக்கு வந்தது எவ்வளவு இருக்கும்?

பெயர் எழுதியது யார்?

1890-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும். அதன்பிறகு பெட்டியிலும் மூடியிலும் ஜெர்மனி என்று அச்சானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சில ஆண்டுகள் அமெரிக்க ஆட்சிப் பகுதி என்றும், 1949 முதல் 1990 வரை மேற்கு ஜெர்மனி என்றும் எழுதினார்கள். இன்று சேகரிப்பவர்கள் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் பொருளின் காலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நாட்டின் பெயர் இருக்கிறது. வாங்கி விற்ற கம்பெனியின் பெயரும் பல பெட்டிகளில் இருக்கிறது. வெள்ளி பூசிய பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. பழைய குண்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவருக்கும் அவள் யார் என்று தெரியப்போவதில்லை.

மெஷின் வந்தது

போர் வந்தால் கப்பல் நிற்கும். 1930-களின் முடிவில் ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்தது. ஜெர்மன் சரக்கு வராமல் போனால் என்ன செய்வது என்று அமெரிக்க வியாபாரிகள் பயந்தார்கள். மாக்ஸ் எக்கார்ட் என்ற இறக்குமதி வியாபாரி, கார்னிங் என்ற கண்ணாடி ஆலையை அணுகினார். அது மின்சார பல்பு செய்யும் ஆலை. யோசித்துப் பாருங்கள், பல்பும் மெல்லிய கண்ணாடிக் குண்டுதானே! 1939-ல் பல்பு மெஷினிலேயே கிறிஸ்துமஸ் குண்டு வந்துவிட்டது. 1940-ல் ஒரு நாளைக்குச் சுமார் 3 லட்சம் குண்டுகள் செய்தார்கள். அவற்றுக்கு 'ஷைனி பிரைட்' என்று பெயர்.

போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு. உள்ளே வெள்ளி பூசவில்லை. வெறும் கண்ணாடியில் நாலு வண்ணக் கோடு போட்டார்கள். தகர மூடிக்குப் பதிலாக அட்டை மூடி. அன்று "ஏதோ கிடைத்ததே" என்று வாங்கிய அந்தக் குண்டுகளைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். காரணம், சில வருடம்தான் அப்படிச் செய்தார்கள். பார்த்தவுடன் எந்தக் காலத்துப் பொருள் என்று தெரிந்துவிடும்.

விலை ஏற்றுவது எது?

சேகரிப்பவர்கள் எதைப் பார்த்து விலை கொடுக்கிறார்கள் என்று தொகுத்துத் தருகிறோம்.

1. அரிது: எத்தனை மிச்சம் இருக்கிறது? கண்ணாடி உடையும். உடையாமல் தப்பியது குறைவு.

2. நிலை: பழைய வண்ணம் அப்படியே இருக்கிறதா, மேலே புதிதாகப் பூசினார்களா? பழைய மூடி, பழைய பெட்டி இருந்தால் மதிப்பு கூடும்.

3. அடையாளம்: எந்த ஊர், எந்தப் பட்டறை, எந்த வருடம் என்று சொல்ல முடிகிறதா?

4. வரிசை: ஹால்மார்க் என்ற வாழ்த்து அட்டைக் கம்பெனி 1973-ல் 6 குண்டுகளும், கம்பளி நூலில் செய்த 12 பொம்மைகளும் வெளியிட்டது. ஒவ்வொரு வருடமும் புது மாதிரி, அந்த வருடத்தோடு சரி, மறுபடி செய்வதில்லை. அமெரிக்க அதிபர் மாளிகையின் வரலாற்றுச் சங்கமும் 1981 முதல் வருடத்துக்கு ஒரு அலங்காரம் வெளியிடுகிறது. போன வருடம் வாங்கியவர் இந்த வருடமும் வாங்குவார். நடுவில் ஒன்று விட்டுப்போனால் தேடி அலைவார்.

5. அர்த்தம்: அந்த உருவம் எதைச் சொல்கிறது? இதைத் தனியாகப் பார்ப்போம்.

உருவமும் அர்த்தமும்

இப்போது கடைகளில் 12 உருவங்களை ஒரே பெட்டியில் வைத்து, புதுமணப் பெண்ணுக்குப் பரிசு என்று விற்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து:

வீடு – பாதுகாப்பு
இதயம் – உண்மையான அன்பு
பறவை – மகிழ்ச்சி
முயல் – நம்பிக்கை
பைன் மரக் காய் – பிள்ளைச் செல்வம், செழிப்பு
தேநீர்க் கெண்டி – விருந்தோம்பல்
பழக்கூடை – கொடுக்கும் மனசு
பூக்கூடை – நல்வாழ்த்து
ரோஜா – பிரியம்
மீன் – கிறிஸ்துவின் ஆசி
தேவதை – கடவுளின் வழிகாட்டல்
கிறிஸ்துமஸ் தாத்தா – தன்னலமில்லாத குணம்

மரத்தின் உச்சியில் வைக்கும் நட்சத்திரம் பெத்லகேமில் தோன்றிய நட்சத்திரத்தைக் குறிக்கிறது. கோலத்தில் தாமரை போடுவதும், சீர் வரிசையில் மஞ்சளும் குங்குமமும் வைப்பதும் மாதிரிதான் இதுவும். வாயால் சொல்ல வேண்டிய வாழ்த்தைப் பொருளாகக் கையில் கொடுப்பது.

உக்ரைன் நாட்டில் சிலந்தி வலை அலங்காரம் உண்டு. அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஏழை விதவை ஒருத்தியின் குடிசைக்குள் ஒரு மரம் முளைத்தது. பண்டிகைக்கு அதை அலங்கரிக்க அவளிடம் எதுவும் இல்லை. பிள்ளைகள் ஏமாற்றத்தோடு தூங்கிவிட்டார்கள். ராத்திரியில் சிலந்திகள் மரம் முழுக்க வலை பின்னின. விடிந்து வெயில் பட்டதும் அத்தனை இழையும் வெள்ளியும் தங்கமுமாக மின்னியது. நாம் துடைப்பத்தால் தட்டிவிடும் நூலாம்படையை அவர்கள் நல்ல சகுனம் என்று செய்து மாட்டுகிறார்கள்!

கதை உண்மையாக இருக்க வேண்டுமா?

அமெரிக்காவில் கண்ணாடி வெள்ளரிக்காய் ஒன்று விற்கிறது. "ஜெர்மனியின் பழைய வழக்கம். மரத்துக்குள் ஒளித்து வையுங்கள், முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஒரு பரிசு கூடுதல்" என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் 2016-ல் ஜெர்மனியிலேயே கருத்துக்கணிப்பு எடுத்தபோது, 100-க்கு 91 பேர் இப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்!

விளையாட்டாகப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் பாட்டி காலத்து வழக்கம் என்று சொல்லிக் காசு வாங்கினால், ஒருநாள் குட்டு உடையும். லவுஷாவுக்குப் பொய்க்கதை தேவையில்லை. உலை, கேஸ், வெள்ளிப் பூச்சு, முதுகில் சுமந்த கூடை, இதெல்லாம் நடந்தது. 2021-ல் லவுஷாவின் வாயால் ஊதும் கண்ணாடி அலங்காரத் தொழிலை ஜெர்மனி தன் நாட்டுப் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பக்கத்து நாடான செக் குடியரசில் பொனிக்லா என்ற கிராமத்தில் கண்ணாடி மணிகளை ஊதி, வெள்ளி பூசி, கம்பியில் கோத்து நட்சத்திரம், பறவை என்று செய்கிறார்கள். அந்தத் தொழிலை 2020-ல் யுனெஸ்கோ உலகப் பட்டியலில் சேர்த்தது. இன்று அந்தப் பொருளை வாங்குபவர் கைவேலை என்று தெரிந்தே வாங்குகிறார். மெஷின் ஒரு நாளில் லட்சக்கணக்கில் செய்யும் காலத்திலும் கைவேலை நிற்கிறது என்றால் அதற்கு இந்த உண்மையான சரித்திரமும் ஒரு காரணம்.

நம் நாட்டிலும் உண்டு. ஸ்ரீநகரில் முஸ்லிம் கைவினைக் குடும்பங்கள் காகிதக் கூழில் கிறிஸ்துமஸ் குண்டு, மணி, நட்சத்திரம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பழைய காகிதத்தைத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைத்து, இடித்து, அரிசிக் கஞ்சிப் பசை சேர்த்து அச்சின் மேல் அப்பிக் காயவைக்கிறார்கள். பிறகு தேய்த்து வழவழப்பாக்கி, மெல்லிய தூரிகையால் பூவும் சினார் இலையும் வரைந்து வார்னிஷ் அடிக்கிறார்கள். கூழில் உருவம் செய்பவர் ஒருவர், வண்ணம் தீட்டுபவர் இன்னொருவர். ஒரு மதத்தினரின் பண்டிகைப் பொருளை இன்னொரு மதத்தினர் பொறுமையாக உட்கார்ந்து செய்கிறார்கள். காஷ்மீர் காகிதக் கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதாவது, வேறு ஊர்ச் சரக்கைக் காஷ்மீர் சரக்கு என்று சொல்லி விற்கக் கூடாது.

இந்தப் பாடத்தில் மனதில் வைக்க வேண்டியவை

கண்ணாடியும் சாயமும் கொஞ்ச விலைதான். ஊர், வருடம், செய்தவர் பெயர், உண்மையான கதை, இவை சேர்ந்தால் விலை ஏறுகிறது. லவுஷா பெண்களுக்குத் தொழில் தெரிந்திருந்தது. பெயர் எழுதும் இடமும் விலை சொல்லும் இடமும் அவர்கள் கையில் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கூடை சுமந்து போனதால், வியாபாரி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேரம் பேச முடிந்தது. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே விலை சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

ஊக்குநர் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டிய பிறகு கீழே உள்ள கேள்விகளை எல்லாரும் பேசுங்கள். பேசத் தயங்கும் உறுப்பினரை முதலில் பேசச் சொல்லுங்கள்.

1. கண்ணாடிக் குண்டு வேலையில் பெண் செய்த பங்கு எது? அதற்குத் தனிக் கூலி உண்டா, குடும்ப வேலை என்று கணக்கில் வராமல் போனதா? நம் வீட்டில் அப்படிக் கணக்கில் வராத வேலை எது?

2. நம் குழு விற்கும் பொருளின் அட்டையில் யார் பெயர் இருக்கிறது? செய்தவர் பெயரும் ஊரும் வருடமும் எழுதினால் என்ன செலவு ஆகும்?

3. நாம் போடும் கோலம், பின்னும் கூடை, செய்யும் பொம்மையில் உள்ள உருவங்களுக்கு என்ன அர்த்தம்? வயதான உறுப்பினரிடம் கேட்டு எழுதி வையுங்கள். தெரியாததற்குக் கதை கட்ட வேண்டாம்.

4. ஒரு பொருள் நம் கையை விட்டுப் போன பிறகு எத்தனை கை மாறுகிறது? ஒவ்வொரு கையிலும் எவ்வளவு கூடுகிறது? சாமான் செலவு, நம் நேரத்துக்கான கூலி இரண்டையும் சேர்த்து ஒரு பொருளுக்காவது கணக்குப் போடுங்கள்.

நாலாவது கேள்விக்கான கணக்கை மட்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டுவாருங்கள். எல்லாக் குழுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரே பொருளை ஒரு குழு என்ன விலைக்குக் கொடுக்கிறது, அடுத்த குழு என்ன விலைக்குக் கொடுக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.